கவுண்டரிலிருந்து ஆலோசனை மேசைக்கு: கூட்டுறவுக் கடன் சங்கப் பணியாளர்களைப் பழக்குவது எப்படி

ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து, சேமித்துக் கடனும் வாங்கிக்கொள்ளும் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்றின் கவுண்டரில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் போதும், அந்த அலுவலகத்தில் வேலை செய்பவர்களின் வீட்டு நிலவரம் முழுக்கத் தெரிந்துவிடும். யார் வீட்டில் கல்யாணம், யார் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், யார் வெளியில் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டார்கள் என்பதெல்லாம் கடன் மனுவோடு சேர்ந்தே வருகிறது. சங்க எழுத்தர் அதைக் கேட்டுக்கொள்கிறார், மனுவில் முத்திரை குத்துகிறார், அடுத்தவரை அழைக்கிறார். சொன்னவருக்கு அந்தப் பேச்சால் ஒரு பயனும் இல்லை.

அந்தப் பேச்சைப் பயனுள்ளதாக மாற்றச் சங்கப் பணியாளர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அரசு அலுவலகம், போக்குவரத்துக் கழகம், ஆலை, நகராட்சி ஆகியவற்றில் இயங்கும் சிக்கன நாணயச் சங்கங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடத்தைத் தனியாகச் சொல்கிறேன்.

இது சங்கத்துக்குப் புதிதாகச் சுமத்தும் வேலை இல்லை. 1890களில் சென்னை மாகாணத்துக்காக பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி எழுதிய அறிக்கை, கிராமத்தார் தாங்களே சேர்ந்து தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் ஜெர்மனியின் ரைஃபைசன் முறைச் சங்கங்களைப் பரிந்துரைத்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கடனோடு சிக்கனத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது அப்போதே இருந்த நோக்கம். நாளடைவில் கடன் பகுதி மட்டும் வளர்ந்துவிட்டது.

படி 1: முதலில் நிர்வாகக் குழு முடிவெடுக்க வேண்டும்

பயிற்சியை வகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். நிர்வாகக் குழுக் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே தெளிவாக வேண்டிய விஷயம் ஒன்றுதான்: “இப்போதைக்கு இந்தக் கடன் உங்களுக்கு வேண்டாம்” என்று ஒரு பணியாளர் உறுப்பினரிடம் சொன்னால், சங்கம் அவர் பக்கம் நிற்குமா?

கடன் நிலுவை உயர உயரச் சங்கத்தின் வட்டி வருமானமும் உயரும். அதனால் கடன் வேண்டாம் என்று சொல்லும் பணியாளரைச் செயலாளரே முறைத்துப் பார்க்கக்கூடும். இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் எத்தனை நாள் வகுப்பு நடத்தினாலும், பணியாளர் பழையபடி மனுவை வாங்கி வைக்கத்தான் செய்வார். குழுத் தீர்மானத்தில் மூன்று விஷயங்களை எழுதிவிடுங்கள். ஆலோசனை சொல்பவர் அதே உறுப்பினரின் கடன் மனுவைப் பரிசீலிக்கக் கூடாது. ஆலோசனையில் கேட்டது கடன் கோப்பில் ஏறக் கூடாது. கடன் அளவை வைத்து அந்தப் பணியாளரின் வேலையை மதிப்பிடக் கூடாது.

மூன்று பேரே வேலை செய்யும் சிறிய சங்கம் என்றால், பரிசீலனையையும் ஆலோசனையையும் பிரிப்பது கடினம். அப்படியானால் பக்கத்துச் சங்கத்தோடு பேசி, அந்தச் சங்க உறுப்பினருக்கு நம் பணியாளரும் நம் உறுப்பினருக்கு அந்தச் சங்கப் பணியாளரும் ஆலோசனை சொல்லும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். வெளியாளிடம் பேசுவது உறுப்பினருக்கும் சில நேரம் எளிதாக இருக்கும்.

படி 2: ஆளையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பது

கணக்கில் கெட்டிக்காரரைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். என் கருத்தில், உறுப்பினர்கள் தாமாகவே யாரிடம் போய்ப் பேசுகிறார்களோ அவர்தான் சரியான ஆள். கணக்கை ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். கேட்டதை வெளியில் சொல்லாத குணத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது. பெண் உறுப்பினர்கள் அதிகம் உள்ள சங்கத்தில் குறைந்தது ஒரு பெண் பணியாளராவது இருக்க வேண்டும்; கணவருக்குத் தெரியாமல் வாங்கிய கடனை ஒரு பெண் ஆண் எழுத்தரிடம் சொல்வது அபூர்வம்.

இடத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். கவுண்டரை விட்டுத் தள்ளி ஒரு மேசை, எதிரெதிராக இல்லாமல் பக்கவாட்டில் இரண்டு நாற்காலி, வரிசையில் நிற்பவர் காதில் விழாத தூரம். சம்பளம் போட்ட அடுத்த வாரத்தில் இரண்டு பிற்பகல்களை இதற்கென்று ஒதுக்குங்கள். சம்பள நாளன்று யாரும் நிதானமாகப் பேசமாட்டார்கள்.

படி 3: கேட்கப் பழக்குவது

முதல் இரண்டு வகுப்புகளில் ஒரு எண் கூட வரக் கூடாது. கடன்பட்டவர் வெட்கத்தோடு வருகிறார். முதல் ஐந்து நிமிடத்தில் அவர் காதில் விழும் சொற்கள்தான் அவர் உண்மையைச் சொல்வாரா, மறைப்பாரா என்பதைத் தீர்மானிக்கின்றன. பணியாளர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் உறுப்பினராகவும் மற்றவர் ஆலோசகராகவும் பேசவிடுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் போகும் (டாப்-அப் என்பது பழைய கடன் முடியுமுன் அதன்மேல் வாங்கும் கூடுதல் கடன்):

“சார், ஒரு லட்சம் டாப்-அப் வேணும்.”

“போன வருஷம்தானே வாங்கினீங்க? அதுக்குள்ள என்ன செலவு?”

அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிட்டது. எதிரில் இருப்பவர் இனி ஒரு பொய்க் காரணத்தைத் தேடுவார்: மருத்துவச் செலவு, வீடு பழுது, ஏதோ ஒன்று. அதே காட்சியை மறுபடி நடத்தச் சொல்லுங்கள்:

“உட்காருங்கண்ணே. அந்த ஒரு லட்சம் வந்தா முதல்ல எதை முடிக்கணும்னு நினைக்கிறீங்க?”

“வெளியில கொஞ்சம் வாங்கியிருக்கேன்…”

“சரி. அதை எல்லாம் ஒரு தாள்ல எழுதிப் பார்க்கலாமா? இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான். மனுவோட சேராது.”

“ஏன்” என்று தொடங்கும் கேள்விகளை முதல் சந்திப்பில் அறவே தவிர்க்கச் சொல்லுங்கள். “எவ்வளவு”, “எப்போதிலிருந்து”, “முதலில் எது” ஆகியவை போதும். அறிவுரை சொல்லும் பழக்கமும் நிற்க வேண்டும். “வரவுக்குள்ள செலவு பண்ணணும்மா” என்பது அவருக்குத் தெரியாத செய்தி இல்லை. பயிற்சியில் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: உறுப்பினர் பேசி முடித்து, பணியாளர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, “சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனா?” என்று கேட்ட பிறகே பேனாவைத் தொடலாம்.

படி 4: ஒரு பக்கத் தாள்

அச்சடித்த நீண்ட படிவம் வேண்டாம். ஒரு பக்கத்தில் நான்கு கட்டங்கள்: சம்பளமும் பிடித்தமும், மாதச் செலவு, கடன்கள், ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு. முதலிரண்டு கட்டங்களும் சம்பளச் சீட்டை வைத்தும் பேசியும் எளிதாக நிரம்பிவிடும். கடைசி இரண்டிலும்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

கடன் கட்டத்தில் உறுப்பினர்கள் கடனாகவே நினைக்காத கடன்கள் விட்டுப்போகும். எடுத்துவிட்ட ஏலச்சீட்டின் மீதித் தவணை, மகளிர் குழுவில் மனைவி பெயரில் உள்ள கடன், மளிகைக் கடைக் கணக்கு, ‘இப்போது வாங்கி அப்புறம் கட்டு’ என்று கைப்பேசியில் எடுத்தது, அண்ணனுக்குப் போட்ட ஜாமீன். பணியாளர் இந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்து, ஒவ்வொன்றாக மெதுவாகக் கேட்க வேண்டும்.

மொய்யையும் இங்கேதான் எழுத வேண்டும். புதுக்கோட்டை, பேராவூரணி, உசிலம்பட்டிப் பக்கத்து உறுப்பினர்களுக்கு மொய் நோட்டு என்பது ஒரு கடன் பதிவேடு. வாங்கிய மொய்யைக் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். நோட்டைப் புரட்டினால், அடுத்த ஓராண்டில் எந்தெந்த வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு போக வேண்டியிருக்கும் என்று தோராயமாகவாவது சொல்லிவிடலாம். மொய்யை “வீண் செலவு” என்று ஒரு பணியாளர் சொல்லிவிட்டால் அந்த உறுப்பினர் மறுபடி வரமாட்டார். ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதற்கான செலவு அது, கணக்கில் அதற்கு இடம் ஒதுக்குவதுதான் நம் வேலை.

ஆண்டுச் செலவு கட்டத்தில் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளி, பொங்கல், சீர்வரிசை, குலதெய்வக் கோயில், வண்டிக் காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி 12ஆல் வகுக்கச் சொல்லுங்கள். “மாசம் எப்படியோ ஓடிடுது, ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை கடன் வாங்கறேன்” என்பவர்களின் விடை அநேகமாக இந்தக் கட்டத்தில்தான் இருக்கும்.

படி 5: எல்லா வட்டியையும் ஒரே மொழிக்குக் கொண்டுவருவது

பயிற்சியின் இதயம் இதுதான். இதற்கு மூன்று வகுப்புகளாவது ஒதுக்குங்கள். ஒவ்வொரு கடன்காரரும் ஒவ்வொரு விதமாக வட்டி சொல்கிறார். எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றாமல் எது மலிவு, எது கொள்ளை என்று உறுப்பினருக்குத் தெரியாது.

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். “மூணு வட்டி” என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். “அஞ்சு வட்டி” 60 சதவீதம்.

அடுத்து, தவணைக் கடையில் சொல்லும் நிலை வட்டி. 1 லட்சம், 3 ஆண்டு, 12 சதவீதம் என்கிறார்கள். வட்டி 36,000 ரூபாய், மொத்தம் 1,36,000, மாதம் 3,778. உறுப்பினர் “சங்கத்திலயும் 12தானே, இங்கயும் 12தானே” என்பார். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முழு 1 லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் இது 21 சதவீதத்துக்குச் சற்று மேல்.

அப்புறம் தண்டல். 10,000 ரூபாய்த் தண்டலில் 8,500 கைக்கு வரும். நாள் ஒன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “1,500 தானே வட்டி” என்று தோன்றும். கையில் வாங்கியது 8,500, அதையும் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறார். ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 120 சதவீதம் வருகிறது. இந்தக் கணக்கைப் பணியாளர்கள் தாங்களே கைப்பேசியில் போட்டுப் பார்க்க வேண்டும். விரிதாளில் வட்டி வீதம் கண்டுபிடிக்கும் சூத்திரம் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். வெறும் பட்டியலாகக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். தானே போட்டுப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

வங்கியோ நிதி நிறுவனமோ கொடுத்த கடனாக இருந்தால், ‘முக்கிய விவரத் தாள்’ என்று ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி இதைச் சில்லறைக் கடன்களுக்குக் கட்டாயமாக்கியது. பரிசீலனைக் கட்டணம் முதலியவற்றையும் சேர்த்த ஆண்டு வீதம் அதில் இருக்கும். உறுப்பினரிடம் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லலாம்.

படி 6: மனுவை எடுக்குமுன் கணக்கைப் போட்டுக் காட்டுவது

இனி ஒரு முழுக் கணக்கு. இது பயிற்சிக்காக நான் அமைத்த மாதிரி. எண்களை உங்கள் சங்கத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மொத்தச் சம்பளம் 46,000. பிஎஃப் முதலிய பிடித்தம் 6,000. சங்கத் தவணையும் சிக்கன சேமிப்பும் 11,000. கைக்கு 29,000. வாடகை 8,000, மளிகை, பால், கேஸ், மின்சாரம் 11,000, பள்ளியும் வேனும் 4,500, போக்குவரத்தும் கைப்பேசியும் 2,500. ஆகச் செலவு 26,000. மீதி 3,000.

வெளிக்கடன்: மூணு வட்டிக்கு 50,000, அதற்கு மாதம் 1,500 வட்டி மட்டும். கைப்பேசிச் செயலிக் கடன் தவணை 2,400, பாக்கி 9,600. வண்டித் தவணை 2,800, இன்னும் 14 மாதம். கூட்டினால் 6,700. ஆக மாதம் 3,700 துண்டு விழுகிறது. இவர்தான் 1 லட்சம் டாப்-அப் கேட்டு வந்திருக்கிறார்.

முதலில் அவர் கேட்டபடியே செய்து பாருங்கள். 12 சதவீதம், 5 ஆண்டு என்றால் தவணை சுமார் 2,224. மூணு வட்டிக் கடனும் செயலிக் கடனுமாக 59,600 தீர்ந்தால் மாதம் 3,900 மிச்சம். நிகர மிச்சம் 1,676. துண்டு இன்னும் 2,024 இருக்கிறது! கையில் மீந்த 40,400ஐ வைத்து அந்தத் துண்டை அடைத்தால் 20 மாதம் தாங்கும். அதற்குள் வண்டித் தவணை முடிந்து உதவும் என்பது உண்மை. ஆனால் கைக்கு வந்த 40,000 மாதாமாதம் எடுப்பதற்கென்று சும்மா இருக்குமா? ஒரு விசேஷத்தில் போய்விடும். சங்கத் தவணை மட்டும் 60 மாதமும் ஓடும்.

இப்போது 60,000 மட்டும் கொடுத்துப் பாருங்கள். தவணை சுமார் 1,335. துண்டு 1,135ஆகக் குறைகிறது. வீட்டில் நகை இருந்தால் இன்னொரு வழி: நகைக்கடன் 60,000, ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி மாதம் 500. துண்டு வெறும் 300. வண்டித் தவணை முடிந்ததும் அந்த 2,800ஐ அப்படியே நகையை மீட்க ஒதுக்கலாம். அதற்கிடையில் நகைக்கடன் தவணைக் காலம் முடியுமுன் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஏலத்துக்குப் போகும். அந்தத் தேதியைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். போனஸ் வரும்போது அதில் ஒரு பகுதி அசலுக்குப் போக வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

நான்கு கணக்கையும் (சும்மா இருப்பது உட்பட) பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டு, முடிவை உறுப்பினரிடம் விட வேண்டும். “இதைத்தான் செய்யணும்” என்று சொல்லும் பழக்கம் பணியாளருக்கு வந்துவிட்டால், நாளை ஏதாவது பிசகினால் பழி சங்கத்தின் மேல் விழும். அதைவிட முக்கியம், தான் எடுத்த முடிவைத்தான் ஒருவர் கடைப்பிடிப்பார்.

வட்டிக்காரரின் கணக்கைத் தீர்க்கும்போது செய்ய வேண்டியதையும் கற்றுக்கொடுங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டு, வெற்றுக் காசோலை, ஏடிஎம் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிய பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும், முடிந்தால் சாட்சியோடு. சம்பள நாளில் அட்டையை வட்டிக்காரரே வைத்துக்கொண்டு எடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மிரட்டல் இருந்தால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம் என்பதைப் பணியாளர் தயங்காமல் சொல்ல வேண்டும்.

வேளாண்மைச் சங்கத்தில் இந்தக் கணக்கை மாதத்துக்கு அல்ல, பருவத்துக்குப் போட வேண்டும். அங்கே முதல் பாடம் தவணைத் தேதி. பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லை என்ற சலுகையை ஒரு வாரத் தாமதத்தில் இழந்துவிடுபவர்கள் உண்டு. கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே கூப்பிட்டுப் பேசுவதுதான் அங்கே தரக்கூடிய மிகச் சிறந்த ஆலோசனை.

படி 7: ஜாமீனும் பிடித்தமும்

ஜாமீன் போட வருபவரை நாம் பெரும்பாலும் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறோம். அவரும் ஆலோசனைக்கு உரியவர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. “அவர் கட்டலைன்னா உங்க சம்பளத்துல மாசம் இவ்வளவு பிடிப்போம். அப்படிப் பிடிச்சா உங்க வீடு ஓடுமா?” என்று தொகையோடு, தனியாகக் கேட்க வேண்டும். கடன் வாங்குபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் உண்மையான பதில் வராது.

பிடித்தத்துக்கும் எல்லை உண்டு. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் கூட்டுறவுச் சங்கப் பிடித்தம் இருந்தால் மொத்தப் பிடித்தம் 75 சதவீதம் வரை போகலாம் என்றது. அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு 50 சதவீதத்தோடு நிறுத்துகிறது. ஆலைச் சங்கப் பணியாளர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சட்டம் அனுமதிக்கும் அளவு வேறு, குடும்பம் தாங்கும் அளவு வேறு. படி 4இன் தாள் இரண்டாவதைத்தான் காட்டும்.

படி 8: எதைச் சொல்லலாம், எங்கே அனுப்ப வேண்டும்

எந்தப் பங்கு வாங்கலாம், எந்த மியூச்சுவல் ஃபண்டு நல்லது என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாது. அது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவுபெற்ற ஆலோசகரின் வேலை. பணியாளரின் உறவினர் காப்பீட்டு முகவர் என்றால் அவர் பெயரே இந்த மேசையில் வரக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒருமுறை விற்பனை நுழைந்துவிட்டால் நம்பிக்கை போய்விடும்.

எல்லாப் பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படைத் தகவல்கள் உண்டு. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை தன் கடன் வரலாற்றின் முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கு வழியே கிடைக்கின்றன. வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, நம் சங்க வைப்புக்கு அது பொருந்தாது. கடைசித் தகவலை மறைக்கவே கூடாது. செயலிக் கடன் மிரட்டலோ இணைய மோசடியோ என்றால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

இன்னொன்று. கடன் நெருக்கடியில் இருப்பவர் “இருந்து என்ன பிரயோஜனம்” என்று சொன்னால் அதைக் கடந்து போகக் கூடாது. கணக்குத் தாளை மூடிவைத்துவிட்டு நேரடியாகக் கேட்க வேண்டும்: “அண்ணே, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியாக அனுப்பாமல், குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவரை அழைத்து, அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமனஸின் 14416 எண்ணுக்கு அங்கேயே உட்கார்ந்து பேசவைக்க வேண்டும். இதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். பழகாதவருக்கு அந்த நேரத்தில் நாக்கு எழாது.

படி 9: பழகியபின் பார்த்துக்கொள்வது

வாரம் ஒரு பிற்பகல் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் வகுப்புகள் முடிந்துவிடும். தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியமும் கூட்டுறவு மேலாண்மை நிலையங்களும் சட்டமும் கணக்குப் பதிவியலும் கற்றுத்தருகின்றன, அவற்றை அங்கே விட்டுவிடலாம். இங்கே நடக்க வேண்டியது பழக்கம்தான். வகுப்பு முடிந்தவரை நேரடியாக மேசையில் உட்காரவைக்காதீர்கள். முதல் சில சந்திப்புகளில் உறுப்பினரின் சம்மதத்தோடு அனுபவமுள்ள ஒருவர் கூட இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை ஆலோசகர்கள் கூடி, பெயர் சொல்லாமல் கடினமாக இருந்த ஒரு சந்திப்பைப் பேச வேண்டும். சிறிய அலுவலகத்தில் பெயர் சொல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே துறையையும் தொகையையும் மாற்றிச் சொல்லப் பழக்குங்கள்.

பலனை அளக்க, எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை நம்ப வேண்டாம். மூன்று மாதம் கழித்து உறுப்பினரைக் கூப்பிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: வெளிக்கடன் குறைந்ததா, புதிதாக ஏதாவது வாங்கினீர்களா, தாளில் எழுதியதில் எது நடக்கவில்லை? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு பயிற்சி எடுக்கும் பணியாளர்களுக்கு முதல் வகுப்பில் கொடுக்க வேண்டிய பாடநூல் அந்த நோட்டுதான்.